அண்டா இறங்கிய நாள்

லிமா நகரம் முடிந்து கல்லும் மண்ணும் தொடங்கும் குன்றில்
ஜூலை மாதம் வெயில் வராது.
மூடுபனி தகரக் கூரையில் உட்கார்ந்துகொண்டு
சொட்டுச் சொட்டாய் உள்ளே இறங்கும்.
அடுப்பு பற்ற அரைமணி.
ஈரப்பலகை புகையும்,
சபினா அதைத் திட்டுவாள்,
பிறகு எரியும்.

நான் சமைப்பதில்லை.
எனக்குக் கைப்பக்குவம் போதாதென்று
முதல் வாரமே தீர்ப்பாகிவிட்டது.
நோட்டு என் பொறுப்பு.
நூற்றிப் பதினேழு தட்டு.
அதில் பிள்ளைகள் அறுபத்து மூன்று.
காசு தந்தவர்கள் நாற்பது பேர்.
மற்றவர்கள் 'பிறகு' என்றார்கள்.
பிறகுக்குத் தனிப் பத்தி போட்டிருக்கிறேன்.
அதை நான் கூட்டுவதில்லை.

செவ்வாய்க்கிழமை கோழி ரத்தம்.
விடியுமுன் போனால் சந்தையில் இலவசம்.
வெங்காயமும் புதினாவும் போட்டு வதக்க
கருத்து உதிர்ந்து
ஈரல் மாதிரி வரும்.
பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து இல்லை என்று
சுகாதார நிலையத்து நர்ஸ்
விரல் விரலாய்க் குத்திப் பார்த்து
எண் எழுதிக் கொடுத்திருந்தாள்.
யெர்சனுக்கு ஆறு வயது.
ஒன்பது புள்ளி இரண்டு.
அவன் அதை மார்க் என்று நினைத்து
'பத்துக்கா?' என்றான்.
ஒருவரும் சிரிக்கவில்லை, அவன் மட்டும்தான்.

அரிசி தருகிறோம் என்று
மார்ச்சில் சொன்னது நகராட்சி.
ஏப்ரலில் படிவம் மாறியது.
மே மாதம் படிவம் வாங்குகிறவர் மாறினார்.
ஜூனில் ஒருவர் வரைபடத்தை விரித்து
பொறுமையாக விரலால் தேடி
நல்லவிதமாகத்தான் சொன்னார்:
'அம்மா, அந்தக் குன்றில் குடியிருப்பே இல்லையே.'

அன்றிரவு எல்லாரும் கத்தினோம்.
எப்போதும் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் எதெல்மிரா,
கூட்டத்தில் வாய் திறக்காதவள்,
கத்தியைக் கீழே வைத்தாள்.
'அண்டாவை அங்கே கொண்டுபோவோம்.
அவர்கள் மூக்குக்கு வரைபடம் தெரியாது.'

முன்னூற்றுப் பன்னிரண்டு படி.
காதில் கட்டையைச் செருகி நாலு பேர் தூக்கினோம்.
திருப்பத்தில் சுவரில் இடித்து
அது ஒரு சத்தம் போட்டது பாருங்கள்,
நாய்களெல்லாம் எழுந்து கூடவே வந்தன.
பாதி வழியில்தான் பார்த்தோம்,
எதிர்க் குன்றிலும் ஒரு அண்டா
பனிக்குள்ளிருந்து
கரிப்பிடித்த அடியோடு இறங்கிக்கொண்டிருந்தது.
யார் சொல்லிவிட்டது என்று இன்றுவரை தெரியாது.

நகராட்சி வாசலில் மூன்று கல்.
காவலாளி முதலில் 'கூடாது' என்றார்.
தாளிப்பு ஏறியதும்
கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.
பிள்ளைகள் பிளாஸ்டிக் டப்பாக்களோடு
படிக்கட்டில் வரிசை கட்டினார்கள்.
மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.
டை கட்டிய ஒருவர் இறங்கி வந்து
'இது பொது இடம்' என்றார்.
'அதனால்தான்' என்றாள் சபினா,
கரண்டியை நிறுத்தாமல்.

பட்டியல் கேட்டார்கள்.
பட்டியல் இல்லை, நோட்டு இருந்தது.
எண்ணெய்க் கறை, ரத்தக் கறை,
ஒரு பக்கத்தில் யாரோ வரைந்த லாரி.
அந்த டை மனிதர் நின்றபடியே புரட்டினார்.
பெயர், வயது, தட்டு. பெயர், வயது, தட்டு.
கடைசிப் பத்தியில் விரல் வைத்து
'இதை ஏன் கூட்டவில்லை?' என்றார்.
வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு
எனக்கு மறந்துபோனது.
'நீங்கள் கூட்டுங்கள்' என்று மட்டும் வந்தது.

ஆகஸ்டில் பதினான்கு மூட்டை வந்தது.
இரண்டில் வண்டு.
புடைத்தோம்.
வரைபடத்தில் இன்னும் நாங்கள் இல்லை;
அரிசி லாரிக்கு மட்டும் வழி தெரிகிறது.

மறுபடி விரல் குத்தினார்கள்.
யெர்சனுக்குப் பத்து புள்ளி ஒன்று.
பத்துக்கு மேலே எப்படி மார்க் வரும் என்று
அவன் நர்ஸோடு சண்டைக்கு நின்றான்.
பதினொன்றரை வேண்டும் என்றாள் அவள்.

செவ்வாய். ரத்தம்.
நூற்றிப் பத்தொன்பது தட்டு.
யெர்சனுக்கு இரண்டாம் முறை,
பத்தி: பிறகு.